மேடத்துக்குக் கொடுத்த மாத்திரை

ஏப்ரல் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே முதுகைத் தவிர மற்ற பாகமெல்லாம் சுகம். அங்கே நீங்க, அம்மா, உங்க மாட்டாஸ்பத்திரிக்கு வர்ற நாலு கால் நோயாளிகள் எல்லாரும் சுகம்தானே?

நான் பள்ளிக்கூடத்தை முடிச்சதுக்குப் பரிசா அக்கா என்னை வெளிநாடு சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தா இல்லையா? சுத்திக் காட்டினது போதும்னு தோணிடுச்சு போல. என்னை இந்தப் பண்ணையில இறக்கிவிட்டுட்டு சிநேகிதிகளோட மலையேறப் போயிட்டா. "இது இயற்கை விவசாயம் சொல்லிக்குடுக்கிற பண்ணை. வேலை செஞ்சா சாப்பாடும் படுக்கையும் குடுப்பாங்க. ஒரு மாசம் இரு. உன் வாயும் கொஞ்சம் அடங்கும்"னு சொன்னா. சாப்பாடும் படுக்கையும் கிடைச்சுடுச்சு.

இங்கே எல்லாமே இயற்கை, மாமா. இடுப்புவலி உட்பட. காலையில இருந்து களை எடுக்கறேன். எடுத்து எடுத்துக் களைச்சுப் போயிட்டேன். முகத்துல கொஞ்சம் களை இருந்துது, அதையும் சேர்த்து எடுத்துட்டாங்க.

என் படுக்கை இருக்கிறது மண்வெட்டியெல்லாம் சாத்தி வச்சிருக்கிற கொட்டகைக்கு மேல, மரப்படி ஏறிப் போகணும். கீழே யாராவது உரச்சாக்கைப் பிரிச்சா மேலே நான் தும்முவேன். பண்ணைக்காரம்மா ஐம்பது வயசுக்காரங்க, குட்டை முடி, எப்பவும் ரப்பர் பூட்ஸ். பேசறதே அபூர்வம். பேசினாலும் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை அவங்க கையால சொல்றாங்க, நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கறேன். என்கூடப் பயிற்சிக்கு வந்த இன்னொருத்தர், பாங்க் வேலையை விட்டவர். நெட்டைன்னு பேர் வச்சிருக்கேன். கதவு நிலையில தினம் ரெண்டு தடவை தலையை இடிச்சுக்கறார்.

போனை ஆபீஸ் அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. பூட்டாட்டியும் இந்தப் பள்ளத்துல சிக்னல் கிடையாது. வாரம் ஒரு தடவை காய்கறி வண்டி டவுனுக்குப் போகும், கடிதம் அதுல ஏறும். முட்டைக்கோஸ் வாசனை அடிச்சா தப்பா நினைக்காதீங்க.

நீங்க கட்டிக் குடுத்த மருந்துப் பை பத்திரம். காய்ச்சல், தொண்டைக்கட்டு, வயித்துப்போக்குன்னு ஒவ்வொரு அட்டையிலயும் சீட்டு ஒட்டியிருக்கீங்க. 'மனுஷங்களுக்கு'ன்னு போட மறந்துட்டீங்களே! மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் குடுத்ததுன்னு சொன்னதும் நெட்டை ரெண்டடி தள்ளி நின்னுட்டார்.

இங்கே ஒரு கன்னுக்குட்டி பொறந்திருக்கு. என்னைப் பார்த்ததும் மூக்கைத் தூக்கிட்டுத் திரும்பிக்கிச்சு. அதனால 'மேடம்'.

அம்மாகிட்ட நான் மூணு வேளையும் சாப்பிடறேன்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க சேறு பூசின
வாலு


ஏப்ரல் 14

அருமை மருமகள் வாலுவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீ போனதிலிருந்து வீடு கொஞ்சம் கூடுதல் சுகம். செருப்பு வைத்த இடத்தில் இருக்கிறது, சர்க்கரை டப்பாவில் சர்க்கரைதான் இருக்கிறது.

உன் கடிதத்தை உங்கம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இங்க ஒரு டம்ளர் கழுவி வச்சதில்ல, அங்க போய் சாணி அள்ளறாளாம்! அதுவும் கண்டம் தாண்டிப் போய்!" என்று எங்கக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சமையல்கட்டுக்குள் போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்டது. நீ எழுதும்போது அதைச் சொல்லாதே.

மருந்துச் சீட்டில் 'மனுஷங்களுக்கு' என்று ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறாய். உன்னை எதில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் விட்டுவிட்டேன்.

கன்றுக்குப் பெயர் வேறு வைத்துவிட்டாயா? ஆஸ்பத்திரியில் நாங்கள் நம்பர்தான் போடுவோம். சரி, அது உன் இஷ்டம். மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல். சீம்பால் வயிறு நிறையக் குடித்ததா என்று பண்ணைக்காரம்மாவிடம் கேள். அது ஒன்று சரியாக இருந்தால் பாதிக் கவலை விட்டது.

மழையில் நனையாதே. நெட்டையைப் படுத்தாதே.

உன் நலம் விரும்பும்,
மாமா


ஏப்ரல் 26

அன்புள்ள மாமாவுக்கு,

சீம்பால் குடிச்சாளாம். விசாரிச்சுட்டேன். நானும் சுகம். மேடமும் சுகம். நெட்டைதான் கொஞ்சம் சுகமில்ல, காரணம் கீழே.

வயல் நடுவுல ஒரு சோளக்கொல்லை பொம்மை நிக்குது. நெட்டையோட மழைக்கோட்டையும் தொப்பியையும் எடுத்து அதுக்கு மாட்டிவிட்டேன். உயரம் கனகச்சிதம். மத்தியானம் பண்ணைக்காரம்மா வரப்புல நின்னு, "சாப்பிட வா"ன்னு ஒரு குரல் குடுத்தாங்க. பொம்மை வரலை. "சாப்பிட வான்னு சொன்னேனே!" அப்பவும் வரலை. அதுக்குள்ள நிஜ நெட்டை பின்னால வந்து, "கூப்பிட்டீங்களா?"ன்னு கேட்டார். அந்தம்மா துள்ளின துள்ளலைப் பார்க்கணுமே! சாப்பாட்டு மேஜையில நானே எழுந்து நின்னு ஒத்துக்கிட்டேன். என் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே, மாமா. ஏமாத்தினா அன்னைக்கே சொல்லிடணும். சொல்லாம விட்டா அதுக்குப் பேர் குறும்பு இல்ல, பொய்.

அந்தம்மா ரொம்ப நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் எனக்கு இன்னொரு கரண்டி சூப்பு ஊத்தினாங்க. மறுநாள்ல இருந்து மேடத்தைப் பார்த்துக்கிற வேலை என்னோடது. தண்டனையா பதவி உயர்வான்னு தெரியலை.

புதன்கிழமை வகுப்பு நடந்துது. பண்ணைக்குச் சான்றிதழ் குடுக்கிற ஆபீஸ்ல எதையெல்லாம் பார்ப்பாங்கன்னு பாடம். ரசாயன உரம் கூடாது, பூச்சிமருந்து கூடாது. மாட்டுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தா, உசுரைக் காப்பாத்தக் குடுத்தாலும் சரி, அப்புறம் அது மந்தையில இருக்கக்கூடாது, வித்துடணும். "மாட்டுக்குப் பல்லுவலி வந்தா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. பண்ணைக்காரம்மா மட்டும், "வந்தா என்கிட்ட சொல்லு"ன்னாங்க.

அக்காவுக்கு எழுதிட்டேன், இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருக்கேன்னு. மேடம் இப்ப என்னைப் பார்த்தா மூக்கைத் தூக்கறதில்ல. முழங்கால்ல முட்டறா. முட்டுன இடத்துல நீலம் பாரிச்சிருக்கு. இதுக்குப் பேர்தான் பாசம்னா, பகை எப்படி இருக்கும்?

இப்படிக்கு,
பதவியில் இருக்கும்
வாலு


மே 7

அன்பு மருமகளுக்கு,

நலம். பொம்மைக் கதையைக் கேட்டு டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாடும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

உங்கம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறாள். எனக்குத் தெரிந்து ஒரு கை மற்றதைவிட நீளமாகப் போகிறது. நீ வரும்போது உனக்கும் கொஞ்சம் கை நீண்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிவைத்தேன்.

கன்றை முட்ட விட்டுப் பழக்காதே. நாளைக்கு அது பெரிய மாடு. அது முட்டினால் உன்னை நான் வந்துதான் தைக்கவேண்டும்.

அவசரமாக எழுதுகிறேன், வெளியே ஒரு எருமை காத்திருக்கிறது.

மாமா


மே 9

மாமா,

நான் நல்லா இருக்கேன். மேடம் நல்லா இல்ல.

முந்தாநாள்ல இருந்து வயித்தால போகுது. தண்ணி மாதிரி. நேத்து நின்னா, இன்னைக்கு நிக்கலை. கண்ணு உள்ளே போயிடுச்சு. காதைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. நான் கிட்டப் போனா முட்டறதுக்குத் தலையைத் தூக்கப் பார்க்கறா, முடியாம வைக்கோல்லயே வச்சுக்கறா.

டாக்டர் வந்துட்டுப் போனார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருக்கச் சொன்னார். இன்னும் மூணு நாள்ல எழுந்துக்கலைன்னா ஊசி போட்டுப் பார்க்கலாம்னார்.

"இப்பவே போட்டா என்ன?"ன்னு பண்ணைக்காரம்மாகிட்ட கேட்டேன்.

"போட்டா அவ இங்க இருக்க முடியாது. அவளா எழுந்துக்கறாளான்னு பார்ப்போம்."

"எழுந்துக்கலைன்னா?"

"போடுவேன். சாக விடமாட்டேன்."

உங்களுக்குப் போன் பண்ணணும்னு ஆபீஸ்ல கேட்டேன். அவசரத்துக்கு மட்டும்தான் வெளிநாட்டுக்குப் பேசலாமாம். கன்னுக்குட்டி அவசரத்துல சேருமான்னு கேட்டேன். சேராதாம்.

நீங்க தினம் இதைத்தானே பார்க்கறீங்க? என்ன பண்ணணும்னு எழுதுங்க. சீக்கிரம் எழுதுங்க. வண்டி கிளம்புது.

வாலு


மே 12

மாமா! மாமா! மாமா!

எழுந்துட்டா! நாலு காலும் நாலு திசையில நடுங்குது, ஆனா நிக்கறா! வாளியைப் பார்த்துத் தலையை ஆட்டறா!

எப்படின்னு கேளுங்க. நேத்துக் காலையில உட்கார்ந்து யோசிச்சேன். மேடத்துக்கு வயித்துப்போக்கு. மாமா குடுத்த பையில ஒரு அட்டை, அதுல மாமா கையெழுத்துலயே 'வயித்துப்போக்கு'. மாமா யாரு? மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். அப்புறம் என்ன? ரெண்டு மாத்திரையை நசுக்கி உப்புத் தண்ணியில கலந்து குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லலை. எழுந்து நின்னதுக்கப்புறம் எல்லாரும் கூடியிருக்கும்போது சொன்னாத்தானே மஜா? இப்ப எல்லாரும் கொட்டிலுக்கு ஓடி வர்றாங்க. நானும் அட்டையை எடுத்துக்கிட்டுப் போறேன். மிச்சம் வந்து எழுதறேன்.

மேலே எழுதினது காலையில. இப்ப சாயங்காலம்.

எல்லாரும் இருந்தாங்க. பண்ணைக்காரம்மா மேடத்தோட கழுத்தைத் தடவிக்கிட்டு, "நீயாவே எழுந்துட்டியே"ன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவங்க அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. நான் அட்டையை எடுத்து விசிறி மாதிரி ஆட்டிக்கிட்டு, "அவளா எழுந்துக்கலை! எங்க மாமா எழுப்பினார்!"னு சொன்னேன். நெட்டை கைதட்டினார்.

பண்ணைக்காரம்மா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாங்க. பின்பக்கம் பொடி எழுத்தைக் கண்ணுகிட்ட கொண்டுபோய்ப் படிச்சாங்க.

"இது ஆன்டிபயாடிக்."

"இல்ல, இது வயித்துப்போக்கு மாத்திரை"ன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஊசி இல்லையே. பண்ணை மருந்தும் இல்ல, இது என்னோடது."

அவங்க கோபப்பட்டிருந்தா எனக்குச் சமாளிக்கத் தெரியும், மாமா. கோபப்படலை. அட்டையை என் கையில திருப்பிக் குடுத்து, "இதை ஏன் என்கிட்ட காட்டினே?"ன்னு கேட்டாங்க.

அட்டையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டேன்.

"காட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப தெரிஞ்சுடுச்சே. தெரிஞ்சுக்கிட்டு எப்படி நான் சான்றிதழ் ஆபீஸ் தாள்ல கையெழுத்துப் போடறது?" அவ்வளவுதான் சொன்னாங்க. போய் மஞ்சள் பட்டை ஒண்ணைக் கொண்டுவந்து மேடத்தோட கழுத்துல கட்டினாங்க. தனிக் கொட்டிலுக்கு மாத்திட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை மாட்டு வியாபாரி வண்டி எடுத்துக்கிட்டு வருவாராம். அடுத்த தடவை வரும்போது ஏத்திவிடணுமாம்.

மாமா, அந்த மாதிரி வியாபாரிங்க கன்னுக்குட்டியை எங்கே கொண்டுபோவாங்க? வேற பண்ணைக்குத்தானே?

வாலு


மே 19

அன்பு வாலுவுக்கு,

உன்னுடைய 9ஆம் தேதிக் கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே எழுதுகிறேன். பண்ணை ஆபீசுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்தார்கள். அவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, நான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. "காஃப், காஃப்" என்று நாலைந்து தடவை கத்தினேன். பாவம், எனக்கு இருமல் என்று நினைத்திருப்பார்கள்.

பயப்படாதே. உங்கள் டாக்டர் சொன்னது சரி. கன்றுக் கழிச்சலுக்குத் தண்ணீர்தான் மருந்து. வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் ஊற்று. உடம்பைச் சாக்குப் போட்டு மூடு. மூன்றாம் நாள் வரை பொறுத்துக்கொள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் மூன்றாம் நாள் தானாகவே எழுந்து நின்றிருக்கின்றன.

ஒன்றே ஒன்று. அவசரப்பட்டு எந்த மருந்தும் கொடுக்காதே. யார் என்ன சொன்னாலும் கொடுக்காதே. அந்தம்மா விவரம் தெரிந்தவர், அவர் போக்கில் விடு.

இது கைக்கு வரும்போது மேடம் உன்னை முட்டிக்கொண்டிருப்பாள், பார்.

அன்புடன்,
மாமா


மே 23

அன்பு வாலு,

உன் கடிதம் கிடைத்தது.

தப்பு என்னுடையது. சீட்டில் மருந்தின் பெயரையும் எழுதியிருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் விடாமல் எழுதி ஒட்டுகிறவன், உனக்குக் கட்டும்போது, இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நோயின் பெயரை மட்டும் எழுதினேன். கன்று உன்னால் எழுந்ததா, தண்ணீரால் எழுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரைக் கேட்டேன், அவராலும் முடியவில்லை. அதனால் நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இங்கே ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கிறார்கள். பெஞ்சு, மேஜை எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டு மரத்தடியில் வைத்தியம் நடக்கிறது. சுண்ணாம்பு வாசனைக்கு மாடுகள் உள்ளே வரமாட்டேன் என்கின்றன. எதிர்வீட்டுப் பூனை நம் மாடியில் நாலு குட்டி போட்டிருக்கிறது. உங்கம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பால் வைக்கிறாள். ஸ்வெட்டருக்கு இரண்டு கையும் முடிந்துவிட்டது. நான் சொன்ன மாதிரியே ஒன்று நீளம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா


மே 30

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சாப்பிடறேன். தூங்கறேன். கேட்டீங்கன்னா சொல்றேன்.

உங்க ரெண்டு கடிதமும் ஒரே வண்டியில வந்துது. தேதி பார்க்காம முதல்ல பிரிச்சது 'எந்த மருந்தும் கொடுக்காதே' கடிதம். அதை மடிச்சு வச்சுட்டு மத்ததைப் பிரிச்சேன். அதுல ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கிறதை எழுதியிருக்கீங்க. என் கேள்விக்கும் சேர்த்து ஒரு பூச்சு பூசிட்டீங்க.

மறுபடியும் கேக்கறேன். வியாபாரி எங்கே கொண்டுபோவார்?

பண்ணைக்காரம்மாகிட்ட கேட்டா, "அது அவர் தொழில்"ங்கறாங்க. நெட்டை, "வேற பண்ணைக்குத்தான் போகும், நல்லா வச்சுப்பாங்க"ங்கறார். அவர் பாங்க்ல இருந்தவர், மாமா. பொய் சொன்னாலும் முகம் மாறாது.

மேடம் இப்ப நல்லாவே இருக்கா. ஆனா எலும்பு தெரியுது. ஓடினா நடுவுல நின்னு மூச்சு வாங்கறா. தனிக் கொட்டில்ல இருந்து மத்த கன்னுங்களைப் பார்த்துக் கத்தறா. அதுங்க பதிலுக்குக் கத்துதுங்க. நடுவுல ஒரு மரத்தடுப்புதான். நான் உட்கார்ந்து இந்தக் கச்சேரியைக் கேட்டுக்கிட்டே சாணி அள்ளறேன்.

ஒண்ணு பண்ணிப் பார்த்தேன். பண்ணைக்காரம்மாகிட்ட போய், "நான் மாத்திரையே குடுக்கலை. சும்மா உங்களை ஏமாத்தினேன், பொம்மைக்குச் சட்டை போட்ட மாதிரி"ன்னு சொன்னேன். நல்லாத்தான் நடிச்சேன். சிரிச்சுக்கூட காட்டினேன்.

"அட்டையில ரெண்டு இல்லையே"ன்னாங்க.

"நான் சாப்பிட்டேன்."

"எப்போ?"

"எனக்கும் வயித்தால போச்சு."

அவங்க வேலையை நிறுத்திட்டு என் பக்கத்துல திண்டுல வந்து உட்கார்ந்தாங்க. அப்புறம், "நம்பணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு"ன்னாங்க. எழுந்து போயிட்டாங்க. அவங்க பூட்ஸ் பதிஞ்ச இடத்துல தண்ணி ஊறிக்கிட்டிருந்துது. அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

வியாபாரி அடுத்த வாரம் வர்றாராம். அதுக்கு முன்னாடி உங்க பதில் வராதுன்னு தெரியும். இருந்தாலும் எழுதுங்க.

வாலு


ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு,

நான் பண்ணையில இல்ல. டவுன்ல, ஒரு லாட்ஜ் ரூம்ல. அக்கா வந்து கூட்டிட்டு வந்துட்டா. போன் கைக்கு வந்துடுச்சு, ஆனா இன்னும் ஆன் பண்ணலை. பண்ணினா நீங்க கூப்பிடுவீங்க. என் குரல் கொஞ்சம் சரியில்ல. அதான் இதை எழுதி, நானே தபால் பெட்டியில போடறேன்.

நேத்து வண்டி வந்துது. வியாபாரி நல்ல மாதிரியான ஆளுதான். எனக்கு ஒரு மிட்டாய்கூட குடுத்தார். வண்டியோட பின்கதவை இறக்கிச் சாய்வாப் பலகை போட்டாங்க. மேடம் ஏறலை. இழுத்தா உட்கார்ந்துக்கறா, தள்ளினா உதைக்கறா. வியாபாரி பின்னால, நெட்டை முன்னால, ரெண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டுது. 'அப்படித்தான்டி, உதை'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு தூரமா நின்னேன். கொஞ்ச நேரம், உண்மையாவே, அவ ஜெயிச்சுடுவான்னு நினைச்சேன்.

பண்ணைக்காரம்மா என்னைப் பார்த்தாங்க. கூப்பிடலை, பார்த்தாங்க. அப்புறம் வியாபாரி மேடத்தோட வாலை முறுக்கப் போனார். வாலை முறுக்கினா எப்படி வலிக்கும்னு நீங்கதான் ஒரு தடவை எனக்குச் சொன்னீங்க.

நான் போனேன். கன்னுக்குட்டியை நடத்தறதுக்கு சுலபமா ஒரு வழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே. ரெண்டு விரலை வாயில குடுத்தேன். சப்பிக்கிட்டே என் பின்னால வந்தா. பலகையில ஏறினேன், ஏறினா. உள்ளே போனேன், வந்தா. வைக்கோல் புதுசாப் போட்டிருந்தாங்க. விரலை உருவிக்கிட்டு, பக்கத்துச் சின்னக் கதவு வழியா இறங்கிட்டேன்.

நான் இதுவரைக்கும் பண்ணினதுலயே ஒரு தடங்கலும் இல்லாம பலிச்ச ஏமாத்து வேலை அதுதான்.

வண்டி திரும்பற வரைக்கும் கத்தினா. அப்புறம் எஞ்சின் சத்தம்தான் கேட்டுது. நெட்டை நிலையில தலையை இடிச்சுக்காம குனிஞ்சு உள்ளே போனார். பண்ணைக்காரம்மா மஞ்சள் பட்டையைக் கழட்டி வச்சிருந்தாங்க, அதைக் கழுவிக் கொடியில போட்டாங்க. என்கிட்ட வந்து கையைப் பிடிச்சு ஏதோ சொன்னாங்க. அது எனக்குப் புரியாத பாதியில இருந்துது. நானும் திருப்பிக் கேக்கலை.

எங்கே கொண்டுபோவாங்கன்னு இனிமே எழுத வேண்டாம், மாமா. நீங்க எழுதாம விட்டதையே திரும்பத் திரும்பப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்.

அம்மாகிட்ட நான் சுகம்னு சொல்லுங்க.

வாலு


ஜூன் 9

அன்புள்ள என் மருமகள் வாலுவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் 30ஆம் தேதிக் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. போனில் மறுபடி இருமி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று, இதைத் தபாலில்கூடப் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன். நாலே நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான் அந்தப் பையன்.

நீ இரண்டு தடவை கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. மெலிந்த கன்றைப் பால்பண்ணைக்காரர்கள் வாங்கமாட்டார்கள். பிறகு யார் வாங்குவார்கள் என்று நான் எழுதவேண்டாம். அதை உனக்கு எழுத என் கை வரவில்லை. பேனாவை எடுக்கிறேன், பூனைக்குட்டி பற்றி எழுதிவிடுகிறேன். மன்னித்துக்கொள்.

ஆனால் இப்போது நல்ல சேதியோடு எழுதுகிறேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் டாக்டரைப் பிடித்தேன். அவர் சொல்கிறார், அந்தக் கன்று இயற்கைப் பண்ணைக்குத்தான் ஆகாது, சாதாரணப் பண்ணைக்குத் தாராளமாக ஆகும். மெலிந்திருப்பதுதான் குறை. ஒரு மாதம், ஒன்றரை மாதம் தனிக் கொட்டிலிலேயே வைத்துத் தீனி போட்டுத் தேற்றிவிட்டால், அக்கம்பக்கத்தில் யாராவது பால்மாட்டுக்கென்று வாங்கிக்கொள்வார்கள். மந்தையோடு சேராமல் தனியாக வைத்திருப்பதைச் சான்றிதழ் ஆபீஸ் அனுமதிக்குமா என்று மட்டும் கேட்கவேண்டும். டாக்டர் பண்ணைக்காரம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். என்ன தீனி, எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது.

இதெல்லாம் அந்தம்மாவுக்கும் தோன்றியிருக்கலாம். ஆள் கிடைக்குமா என்று மலைத்து விட்டிருக்கலாம். அங்கேதான் நீ வேண்டும். பக்கத்துப் பண்ணை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, 'வாங்கிக்கொள்கிறேன், ஆளை விடு தாயே' என்று சொல்லும்வரை நச்சரிக்க உலகத்தில் உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? உங்கம்மாவும் அதையேதான் சொல்கிறாள்.

வியாபாரி வருகிறேன் என்று சொன்ன வாரத்தில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. எங்கள் ஊர் வியாபாரியும் அப்படித்தான். அதனால் நேரம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வந்திருந்தாலும் வாசலில் மறித்து நில். அடுத்த மாதம் வரச் சொல்.

இதை முழுக்கப் படித்துக்கொண்டு நிற்காதே. டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தம்மாவிடம் ஓடு.

மாமா